மின்னலுக்கு முன்னர்

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் தெரு மிகக் குறுகியது. எதிரெதிர் மாடிகளில் நிற்கும் இருவர் கையை நீட்டினால் ஒரு கிண்ணம் குழம்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் கோரமங்கலத்தின் உயர்ந்த கட்டடங்கள்; மறுபக்கம் விவேக்நகரும் நீலசந்திராவும். இடையே தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே குழாயடியில் ஒலிக்கும் பகுதி இது. வாடகை ஒத்துவருகிறது என்று நம் மாணவர் சிலரும் இங்கே அறையெடுத்துத் தங்கியிருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் முதுகலை விலங்கியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவருக்குக் கட்டட வேலை. அக்கா வீட்டிலேயே தையல் தைப்பார். அவருக்கு அது முதற் கரு. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாலை என்னிடம் வந்து, "மோதிரம் கழல மாட்டேங்குது கண்ணு, சோப்புப் போட்டு இழுத்துப் பாரேன்" என்று கையை நீட்டினார். விரல்கள் தடித்திருந்தன. முகமும் சற்று உப்பியிருந்தது. இரண்டு நாளாகத் தலைவலி என்றும் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீர் கோத்திருக்கும் அக்கா. உப்பைக் குறைச்சுக்கோங்க. நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்" என்றேன். மோதிரத்தையும் எப்படியோ கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் விடியற்காலையில் அவருக்கு வலிப்புக் கண்டது. தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

சிறுநீரகத்தின் நுண்குழல்களைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். ஆயினும் அந்த மோதிர விரல் சொன்ன செய்தியை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எனக்கே தெரியாதபோது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அன்று முதல் இந்நோயைப் பற்றிப் படித்தேன். மருத்துவம் பயிலும் தோழியரிடம் கேட்டேன். பின்னர் நம் மன்றத் தோழியர் நால்வரோடு இத்தெருவில் அதைச் சொல்லவும் தொடங்கினேன். படித்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நோய் யாது?

கருவுற்ற மகளிர்க்கு இருபதாம் வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்து, அதனோடு சிறுநீரில் புரதம் கசிவதும், சிறுநீரகம், ஈரல், மூளை முதலிய உறுப்புகள் கேடுறுவதும் உண்டு. இந்நிலையை மருத்துவர்கள் 'பிரீ எக்ளாம்ப்சியா' என்பர். நாம் முன்சூல்வலிப்பு எனலாம். அது முற்றி வலிப்பாக வெடிப்பதே 'எக்ளாம்ப்சியா', அதாவது சூல்வலிப்பு. அச்சொல் கிரேக்க மொழியில் திடீரெனப் பளிச்சிடும் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மின்னலைப் போல் திடீரென வருவதால் அப்பெயர் பெற்றது. ஆகவே முன்சூல்வலிப்பு என்பது மின்னலுக்கு முந்திய நேரம். நாம் ஏதேனும் செய்யக்கூடிய நேரமும் அதுவே.

இந்நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கரு உண்டான முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் தாயின் கருப்பைக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் நாடிகளை அகலப்படுத்துகின்றன. ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாக விரிவது போல், குழந்தைக்குப் போதிய குருதி செல்ல வழி உண்டாகிறது. சிலரிடம் இவ்வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. குருதி குறைந்த நஞ்சுக்கொடி, தாயின் குருதியில் சில பொருள்களைக் கலக்கவிடுகிறது. அவை தாயின் உடல் முழுதும் உள்ள நாளங்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நாளங்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுபட்டுப் புரதம் ஒழுகுகிறது. நீர் நாளங்களை விட்டுக் கசிந்து முகத்திலும் கையிலும் தேங்குகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். நோய் வெளிப்படுவது ஆறாம் ஏழாம் மாதத்திலே ஆனாலும், அதன் விதை முதல் நான்கு மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. மற்றொன்று, நஞ்சுக்கொடி வெளியேறினாலன்றி நோய் முற்றிலும் தீராது. எனவே பேறுதான் தீர்வு. ஏழாம் மாதத்திலேயே அத்தீர்வைத் தேட நேரும்போது, தாயைக் காக்கக் குழந்தையை முன்கூட்டியே வெளியே எடுக்கவேண்டிய இக்கட்டு வருகிறது.

உலகில் கருவுற்ற பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 2 முதல் 8 பேருக்கு இது வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். இந்தியாவில் பேறுகாலத் தாய் இறப்புக்கான தலையாய காரணங்களில், குருதிப்போக்கோடு இரத்த அழுத்த நோய்களும் வைத்து எண்ணப்படுகின்றன. 2018–20 ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, உயிரோடு பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாயரும், கர்நாடகத்தில் 69 தாயரும், தமிழ்நாட்டில் 54 தாயரும் இறந்தனர். முன்னைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. எனினும் அந்த 69இலும் 54இலும் ஒவ்வொன்றும் ஒரு வீடு அல்லவா?

உணர முடியாத நோய்

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல் கெட்டால் வலிக்கும். முன்சூல்வலிப்போ தொடக்கத்தில் எந்தத் துன்பமும் தருவதில்லை. 140க்கு 90 என்று அழுத்தம் ஏறிய பெண் துணி துவைத்துக்கொண்டிருப்பாள்; பேருந்தில் நின்றுகொண்டு போவாள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவள் சொல்வது பொய்யன்று. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே உண்மை. தலைவலியும் பார்வை மங்கலும் வரும்போது நோய் பாதித் தூரம் கடந்துவிட்டிருக்கும்.

ஆகவே இந்நோயைக் கண்டுகொள்ள அளவு ஒன்றே வழி. 1843இல் இலண்டனின் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்னும் மருத்துவர், சூல்வலிப்புற்ற பெண்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து, அதில் முட்டையின் வெண்கருவை ஒத்த புரதம் இருப்பதைக் கண்டார். 1896இல் இத்தாலியரான ரீவா ரொச்சி கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் உருசியரான கொரோட்கோவ், நாடியின் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் குறிக்கும் முறையைக் கண்டார். இம்மூன்றும் சேர்ந்த பின்னரே, வலிப்பு வருமுன் நோயைக் காணும் வழி மருத்துவத்திற்குக் கிடைத்தது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு பட்டையும் ஒரு நிறத்தாளும் அதே வேலையைச் சில நிமிடங்களில் செய்கின்றன.

அளப்பதிலும் முறை உண்டு. படியேறி வந்த மூச்சோடு அளந்தால் எண் பிழைபடும். ஐந்து நிமிடம் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து அளக்கவேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் கூடிக் காட்டும். மேலெண் 140ஐ எட்டினாலும், கீழெண் 90ஐ எட்டினாலும் மறுபடி அளந்து மருத்துவரிடம் காட்டவேண்டும். 160க்கு 110 என்றால் அது அவசர நிலை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எவர்க்கு வரும்?

முதற் கரு, இரட்டைக் கரு, முன்பே இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய், முந்திய பேற்றில் இதே நோய், மிகு பருமன், முதிர்ந்த வயது, தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்தமை ஆகியவை வாய்ப்பை மிகுவிக்கும். இவற்றுள் ஒன்றும் இல்லாதவர்க்கு வாராது என்று எண்ணிவிடக்கூடாது. எனவேதான் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு முறையும் அளக்கவேண்டும் என்கிறார்கள்.

மூன்று வேலிகள்

தடுப்பு என்ற சொல்லைக் கவனமாகக் கையாளவேண்டும். அம்மைக்கு ஊசி போட்டால் அம்மையைத் தடுக்கலாம். இதற்கு அத்தகைய ஊசி இல்லை. ஆனால் மூன்று வேலிகள் உள்ளன. ஒன்றைத் தாண்டினாலும் மற்றொன்று காக்கும்.

முதல் வேலி, நோய் வரும் வாய்ப்பையே குறைப்பது. அதற்கு ஒரு வழி சுண்ணாம்புச் சத்து. இவ்வுண்மை கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் மாயா இனப் பெண்கள் வறியவர்களாயினும் அவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைப்பவர்கள். இதைக் கருத்திற்கொண்டு பெலிசான், வில்லார் என்னும் அறிஞர் இருவர் 1980இல், சுண்ணாம்புச் சத்துக் குறைவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினர். பின்வந்த ஆய்வுகள், உணவில் அச்சத்துக் குறைந்த நாடுகளில் மாத்திரையாக அதைக் கொடுத்தால் நோய் குறைவதைக் காட்டின. நாள்தோறும் 1,500 முதல் 2,000 மில்லிகிராம் தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2014இல் வகுத்த நெறிப்படி, 14ஆம் வாரம் முதல் நாளுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தொடரவேண்டும்.

இங்கே நம் பெங்களூரின் பங்கு பெரிது. ஈஜிபுராவுக்கு அண்மையில் உள்ள செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார், இந்நகரில் முதற் கருவுற்ற 11,000 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். அதே போல் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் மற்றொரு 11,000 பேரிடம் நடந்தது. ஒரு சாராருக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம். மறு சாராருக்கு 500 மட்டும். 2024 சனவரியில் முடிவுகள் வெளியாயின. பெங்களூரில் 500 உண்டவரில் நூற்றுக்கு 3.0 பேருக்கும், 1,500 உண்டவரில் 3.6 பேருக்கும் முன்சூல்வலிப்பு வந்தது. தான்சானியாவில் முறையே 3.0, 2.7. அதாவது, நோயைத் தடுப்பதில் குறைந்த அளவு கூடிய அளவுக்குத் தாழ்ந்ததன்று என்பது தெளிவாயிற்று. குறைமாதப் பேற்றைப் பொறுத்தவரை பெங்களூரில் அவ்வாறே முடிவு கிடைத்தது. தான்சானியாவில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

இது சிறு செய்தி என்று எண்ணவேண்டா. நாளுக்கு மூன்று பெரிய மாத்திரைகளை விழுங்குவது எவ்வளவு கடினம் என்பது குமட்டலோடு இருக்கும் பெண்ணுக்குத் தெரியும். நம் தெருக்களில் வாழும் பெண்களைப் போன்றவர்களே அந்த ஆய்வில் மாத்திரை உண்டு, உலகத்துக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அவ்விடை அவர்களின் அண்டை வீட்டுக்கு இன்னும் வந்து சேராதிருப்பதுதான் வியப்பு. அக்காவின் வீட்டு அலமாரியில் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் அட்டையோடு பிரிக்கப்படாமல் இருந்தன. "எலும்புக்குத்தானே, எனக்கு எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் எண்ணியிருந்தாராம். அந்த மாத்திரைக்கும் வலிப்புக்கும் தொடர்புண்டு என்பது அவர் காதில் விழவில்லை.

உண்ணும் முறையும் சொல்லித் தரவேண்டியதே. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை உணவோடு உண்ணவேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து உண்டால் ஒன்று மற்றொன்றை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உணவிலும் வழியுண்டு. கன்னடத்து முத்தேயும் நம் களியும் ஒரே கேழ்வரகுதான். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களியை ஏழையின் உணவென்று ஒதுக்கிய மருமகளுக்கு இதைச் சொன்னால் மாமியார் மகிழ்கிறார்.

முதல் வேலியின் மற்றொரு கால் ஆஸ்பிரின். நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்க்கு மட்டும், மருத்துவர் சொல்லின்படி, சிறிய அளவில், கூடுமானவரை 16ஆம் வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். 2017இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், வாய்ப்பு மிகுந்த மகளிர்க்கு இரவுதோறும் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு நூற்றுக்கு 4.3இலிருந்து 1.6ஆகக் குறைந்தது. இதைக் கேட்டுக் கடையில் வாங்கி உண்ணத் தொடங்கிவிடக்கூடாது. ஆனால், "எனக்கு இது தேவையா?" என்று மூன்றாம் மாதத்திலேயே மருத்துவரைக் கேட்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. ஏழாம் மாதத்தில் கேட்டால் காலம் கடந்துவிடும்.

இரண்டாம் வேலி, முன்பே கூறிய அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல், பேற்றுக்கு முன் குறைந்தது எட்டு முறை சோதனை வேண்டும் என்றது. நம் நாட்டில் 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு நிலையங்களில் கருவுற்றவர்க்கு இலவசச் சோதனை நடத்தும் திட்டம் உண்டு. கர்நாடகத்தில் 'தாயி கார்டு' என்றொரு அட்டை கொடுக்கிறார்கள். எழுத்து கன்னடமாயினும் சொல் நம் சொல்தான். அதில் அழுத்தம் எழுதப்பட்டிருக்கிறதா, சிறுநீர் பார்த்தார்களா என்று ஒவ்வொரு முறையும் நோக்கவேண்டும்.

மூன்றாம் வேலி, வலிப்பையும் இறப்பையும் தடுக்கும் மருந்து. இதில் தமிழகத்துக்கும் ஓர் ஏடு உண்டு. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய எம். கே. கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைக் கலந்து சூல்வலிப்பை அடக்கும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். இந்திய மருத்துவமனைகள் பல நெடுங்காலம் அதைக் கைக்கொண்டன. பின்னர் 1995இல் பல நாடுகள் கூடி நடத்திய ஆய்வு, மக்னீசியம் சல்பேட் என்னும் எளிய உப்பு மற்ற வலிப்பு மருந்துகளைவிடச் சிறந்தது என்று நாட்டியது. 2002இல் 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, முன்சூல்வலிப்பு நிலையிலேயே அதைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறையும் என்று காட்டியது. மருந்து விலை மலிவு. ஆனால் அது மருத்துவமனையில் இருக்கிறது. பெண் வீட்டில் இருக்கிறாள். இடையே உள்ள தூரத்தைக் கடக்கச் செய்வது அறிவு ஒன்றே.

எப்படிச் சொல்வது?

இந்த அறிவைத் தெருவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. முதல் கூட்டத்தில் பெரிய படம் ஒன்றை மாட்டி நாற்பது நிமிடம் பேசினேன். பதினொரு பெண்கள் வந்திருந்தனர். நஞ்சுக்கொடி, நாளம், புரதம் என்று அடுக்கினேன். எல்லோரும் தலையசைத்தனர். முடிவில் ஒரு பாட்டி எழுந்து, "எல்லாம் சரி கண்ணு, இப்ப உப்புப் போடலாமா கூடாதா? அதைச் சொல்லு முதல்ல" என்றார். என் நாற்பது நிமிடமும் அந்த ஒரு கேள்வியில் கரைந்தது.

பாட்டியின் கேள்வி சரியான கேள்வி. நானே அக்காவிடம் உப்பைக் குறைக்கச் சொன்னவள்தானே? உப்பைக் குறைப்பதால் இந்நோய் தடுக்கப்படுவதில்லை என்பதே இன்றைய முடிவு. தண்ணீரைக் குறைப்பதும் உதவாது. நாள் முழுதும் படுத்துக் கிடப்பதும் தடுக்காது. மாலையில் கால் வீங்கிக் காலையில் வடிவது பெரும்பாலோர்க்கு இயல்பு. முகமும் கையும் திடீரென வீங்குவதுதான் எச்சரிக்கை. வீக்கம் இல்லாமலும் நோய் வரலாம். இவற்றை முதலில் சொன்ன பிறகே மற்றவை காதில் ஏறின.

இரண்டாம் முறை படத்தை விட்டுவிட்டோம். செவிலியர் பணி பயிலும் தோழி ஒருத்தி கருவியோடு வந்தாள். கருவுற்றவர், மாமியார், பாட்டி எல்லோருக்கும் அளந்தாள். அவரவர் எண்ணை அவரவரிடமே சொல்லி, தாளில் எழுதிக் கொடுத்தாள். அன்று பேச்சு நாங்கள் தொடங்காமலே தொடங்கிற்று. "எனக்கு 118, உனக்கு எவ்வளவு?" என்று திண்ணையில் கேள்வி பிறந்தது. மாமியார் ஒருவருக்கு 170 இருந்தது. அவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது. தம் உடம்பில் உணராத ஒன்றைக் கருவி காட்டிவிட்டதைக் கண்டவர், பிறகு மருமகளைச் சோதனைக்கு அனுப்ப மறுக்கவில்லை. கற்பிக்கவேண்டியவர் கருவுற்றவர் மட்டும் அல்லர்; மருத்துவமனைக்குப் போகலாம் என்று அந்த வீட்டில் முடிவு சொல்பவரும் ஆவார்.

மூன்றாவதாகக் கற்றது வளைகாப்பைப் பற்றி. நம் குடும்பங்களில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். ஈஜிபுராவிலிருந்து கிருட்டிணகிரிக்கோ வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ பேருந்து ஏறுகிறாள். நோய் வெளிப்படும் மாதமும் அதுவே. பழைய மருத்துவமனை அவளை விட்டுவிட்டது. புதிய மருத்துவமனை அவளை இன்னும் அறியாது. அட்டையோ பெங்களூரில் பெட்டிக்குள் இருக்கிறது. இடம் பெயர்வது இங்குள்ளோர்க்குப் புதிதன்று. 2013 சனவரியில் ஈஜிபுராவின் ஏழையர் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒரு சில நாளில் வீடிழந்தன. வீடு மாறினாலும் அட்டை கூடவே வரவேண்டும் என்பதை வலியுறுத்த வளைகாப்பே தக்க நாள். உறவுப் பெண்கள் எல்லோரும் கூடியிருப்பர். சீர்த்தட்டில் வளையலோடு தாயி கார்டையும் வைத்து அனுப்பச் சொன்னோம். முதலில் சிரித்தார்கள், பிறகு வைத்தார்கள்.

நான்காவது பாடத்தை வடகர்நாடகத்தில் நடந்த ஆய்வு தந்தது. பெளகாவி, பாகல்கோட்டை மாவட்டங்களில் ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் சென்று, கைப்பேசிச் செயலியின் துணையால் அழுத்தம் அளந்து, வேண்டியவர்க்கு முதல் மருந்து கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினர். பாக்கித்தானிலும் மொசாம்பிக்கிலும் அவ்வாறே நடந்தது. 2020இல் வந்த முடிவு பலரையும் ஏமாற்றியது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கேடு குறையவில்லை. ஆனால் எட்டு முறையோ அதற்கு மேலோ சந்திக்கப்பட்ட தாயரிடையே குழந்தை இறந்து பிறப்பது குறைந்திருந்தது. ஒரு முறை பேசிவிட்டு வருவது கற்பித்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அதனால் பேச்சைக் குறைத்து வருகையைக் கூட்டினோம். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஞாயிறு மாலை.

மனப்பாடமாக வேண்டியவை

இப்போது நாங்கள் சொல்வது மிகக் குறைவு. கடுந்தலைவலி, கண்முன் பொறி பறத்தல் அல்லது பார்வை மங்கல், வலப்பக்க விலாவின் கீழ் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றுள் ஒன்று வந்தாலும் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்குப் போகவேண்டும். போய், "பி.பி. பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

வலிப்பே வந்துவிட்டால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதில் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கக்கூடாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைக்கவேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவதும் தவறு. பேற்றுக்குப் பின்னும், சிறப்பாக முதல் சில நாள்களில், வலிப்பு வரலாம். ஆறு வாரம் வரை விழிப்பு வேண்டும். "இராக் கண் விழித்த தலைவலி" என்று தள்ளிவிடும் வழக்கம் பொல்லாதது. இந்நோய் வந்து போனவர்க்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி

அக்கா சென்ற ஆண்டு மறுபடி கருவுற்றார். இம்முறை மூன்றாம் மாதத்திலேயே மருத்துவரிடம் பழையதைச் சொன்னார். மருத்துவர் ஆஸ்பிரின் எழுதினார். சுண்ணாம்புச் சத்து அட்டை இரவுச் சோற்றுத் தட்டின் அருகிலேயே இருந்தது. ஆயினும் 36ஆம் வாரத்தில் அழுத்தம் 144க்கு 92 என்று ஏறிற்று. அவருக்குத் தலைவலி இல்லை, வீக்கம் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. அன்று சோதனை நாள் என்பதால் போனார், அளந்தார்கள், அனுமதித்தார்கள். 37ஆம் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நோய் வராமலே போய்விடவில்லை. வந்ததை, மின்னும் முன் கண்டுவிட்டார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

இன்று எங்கள் ஞாயிறு மாலைகளில் நான் அதிகம் பேசுவதில்லை, அக்காவே பேசுகிறார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் நடந்ததைச் சொல்கிறார். நான் அன்று சொன்ன விடையையும் மறைக்காமல் சொல்கிறார். எனக்குத் தலை தாழ்கிறது. ஆனால் அது சொல்லப்படவேண்டியதுதான்.

நண்பர்களே! நாம் மருத்துவர்கள் அல்லோம். மருந்து எழுத நமக்கு உரிமையில்லை, எழுதவும் கூடாது. ஆனால் நமக்குத் தமிழ் தெரியும். அட்டையில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரியும். கன்னடம் எழுதப் படிக்கக் கற்ற தோழர்களும் நம்மிடையே பலர் உண்டு. செவிலியர் கன்னடத்தில் சொன்னதை ஒரு தாய்க்கு அவள் மொழியில் சொல்வது சிறு வேலையன்று. உங்கள் அறைக்குப் பக்கத்து வீட்டில் கருவுற்ற அக்காவோ அண்ணியோ இருக்கிறார்களா? "கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள் அக்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும். நான் மூன்றாண்டுகளுக்கு முன் கேட்காமல் விட்ட கேள்வி அது.